நூற்றித் தொண்ணூற்றொன்று

வால்வுகள் முதலில் சூடாகவேண்டும்.
அதுவரை அம்ப் ஒரு மரப்பெட்டி.
பின்பக்கம் குனிந்து பார்த்தால்
நாலு கண்ணாடிக் குப்பிக்குள்
நாலு செம்மஞ்சள் புழு.

பெரியப்பன் ஸ்டான்லி, எழுபத்தொன்றில்,
திருகோணமலையில் ஒரு கப்பல்காரனிடம்
இரண்டு மூட்டை நெல்லுக்கும் ஒரு வோச்சுக்கும் மாற்றியது.
டச்பார் வீட்டுக்குள் கடல் ஒருமுறை வந்து போனது.
துணியில் கால்வாசி உயரத்தில் அந்தக் கோடு நிற்கிறது.
ஸ்பீக்கர் மாற்றியாயிற்று.
பேஸ் குமிழைத் திருப்பினால் மட்டும்
உள்ளே உப்புக் கரகரக்கும்,
சோற்றில் மணல் கடிபட்டமாதிரி.

இப்போது கல்லடியில் இருக்கிறோம், அதுவும் நானும்.

பெப்ரவரி, சனிக்கிழமை,
ஒழுங்கை முனை மண்டபத்தில் ஒரு கலியாணம்.
கேக் வெட்டி முடிய நான் பிடித்த ஒரு ஜி
விடமாட்டேன் என்று நின்றது.
கத்தவில்லை.
ஓரம் கொஞ்சம் கிழிந்து, நடு நிறைந்து,
யாரோ என் பெயரை
அவசரமில்லாமல் கூப்பிட்டதுபோல.
ட்ரம்ஸில் இருந்த கிளமென்ட் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான்.
மற்றவர்களுக்கு அது
சாப்பாட்டுக்கு முந்திய சத்தம்.

குமிழ்களைத் தொடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
பென்சிலால் கோடும் போட்டுவைத்தேன்.
காலை பத்து மணிக்குப் போட்டால்
வேறு ஆள்.

திறெபிள் ஆறு: செதிள் சீவுகிற கத்தி.
நாலு: கச்சான் காற்றில் உலர்ந்து விறைத்த சாரம்.
இரண்டில் யாரோ தலையணைக்குள் பேசுகிறார்கள்.
பேஸைக் கூட்டினால் எருமைத் தயிர்ச்சட்டி,
கவிழ்த்தாலும் விழாது,
விழவேண்டிய இடத்திலும் விழாது.
மிடிலைக் குறைத்தால் அழகு என்று
பதினைந்து வருஷம் குறைத்தேன்,
மண்டபத்தில் என் கிற்றார் கேட்கவில்லை என்று
கீபோர்ட்காரனை ஏசினேன்.
வொலியூமைப் பற்றி
பக்கத்து வீட்டு இமெல்டா சொல்லுவா.

கலண்டர்த் தாள்களின் முதுகில் எண்கள்.
ஐந்து, மூன்றரை, ஏழு.
நாலு, நாலு, ஏழு: கிட்ட.
நாலு, மூன்று, ஏழரை: கிட்டவும் இல்லை.
தாளின் முகத்தில் ராகுகாலம் அச்சடித்திருக்கிறது.
நான்தான் நேரத்தை எழுதவில்லை.

மின்சாரசபை ஜிப்ரி, ஏறாவூர் ஆள்,
மீற்றர் பார்க்க வந்தவர்
ஜன்னலால் எட்டிக் கேட்டார்:
"தங்கச்சி, என்ன சாமான் இது, இவ்வளவு சூடு?"
ப்ளக்கில் தன் கருவியைச் செருகினார்.
இருநூற்றி முப்பத்தாறு.
"இரவைக்கி ஒருக்கா பாப்பம்."
மஃரிபு தொழுதுவிட்டு வந்தார்.
நூற்றித் தொண்ணூற்றொன்று.

மறுகா விரல் மடக்கி எண்ணினார்.
ஐஸ் பெக்டரி கொம்ப்ரசர்.
ஐம்பது ஊட்டு ரைஸ்குக்கர்.
நொவேனாவுக்குச் சுத்துற பன்ரெண்டு பேன்.
இமெல்டாட தண்ணி மோட்டர்.
"லைன்ட கடசி ஊடு நீங்க.
எல்லாரும் எடுத்து மிஞ்சினதுதான் உங்களுக்கு."

ஜி பிடித்தேன்.
நின்றது.
ஜிப்ரி உட்காரவில்லை, தலையாட்டவுமில்லை.
"இது நல்லாரிக்கி" என்றார்,
ரசீது எழுதுகிற குரலில்.

கறன்றை மெல்லக் குறைத்துத் தருகிற பெட்டி ஒன்று
கொழும்பில் விற்கிறார்களாம்.
விலை கேட்டேன். கேட்டதோடு சரி.

சந்திக்குப் புது ட்ரான்ஸ்போமர் வேண்டும் என்று
போன மனுவில்
முதல் கையெழுத்து என்னுடையது.
'குளிர்சாதனப் பெட்டிகள் பழுதடைகின்றன'
என்று வசனம் எழுதிக் கொடுத்ததும் நானே.
அடுத்த மாதம் தூண் நடுகிறார்கள்.

இப்போது ஏழு இருபது.
திறெபிளை அரைப்புள்ளி இறக்கிவிட்டு
விரலை நரம்பில் வைத்திருக்கிறேன்.
ஐஸ் பெக்டரி எடுத்துவிட்டது, லைற் ஒருதரம் மங்கியது.
ஒழுங்கை முழுக்கச் சோறு கொதிக்கிற மணம்.
இன்னும் கொஞ்சம்தான் குறைய வேண்டும்.

இமெல்டா,
மோட்டரைப் போடுங்கோ.